நாலு யூரோச் சேட்டு

சால்வோ அதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. மொண்டெல்லோக் கடற்கரையில் கோடைக் கூட்டம் நிரம்பத் தொடங்கியிருந்த ஜூன் மாதக் காலையொன்றில், தன் உணவகத்தின் வேலையாட்கள் அத்தனை பேரையும் மேசைகளுக்கு நடுவே கூட்டி நிறுத்தி, கையில் காப்பிக் கோப்பையோடு, எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான். இந்த வருடம் புதுச் சீருடை. வெள்ளைச் சட்டை, நெஞ்சில் நீல நூலால் உணவகத்தின் பெயர். யாரும் அதை வீட்டில் துவைத்துப் பழுப்பாக்கிக்கொண்டு வரக் கூடாது. நகருக்குள் தன் மைத்துனி நடத்தும் சலவைக் கடைக்குத்தான் எல்லாம் போகும். ஒவ்வொரு சலவைக்குமான செலவு சம்பளத்தில் கழியும்.

"ஆண்களின் சட்டைக்கு இரண்டு யூரோ," என்றான். "பெண்களின் சட்டைக்கு நான்கு."

பிறகு காப்பியைக் குடித்தான்.

பிரேமினி கடற்பக்கத்து மேசையொன்றின் அருகில் நின்றிருந்தாள். அவளும் அவள் கணவன் நகுலேஸ்வரனும் சண்டை முடிந்த பிறகு வன்னியிலிருந்து இத்தாலிக்கு வந்தவர்கள். கோடை தோறும் இருவரும் இங்கே பரிமாறும் வேலைதான். ஒரே அளவு தட்டுகளை ஒரே மேசைகளுக்கு ஒரே வெயிலில் சுமந்தார்கள். தட்டு உடைந்தால் சால்வோ இருவரையும் ஒரே வார்த்தையால்தான் திட்டுவான்.

"ஏன் நான்கு?" என்று அவள் இத்தாலிய மொழியில் கேட்டாள்.

சால்வோ அவளைப் பார்த்தான். "பலெர்மோவில் எந்தச் சலவைக் கடைக்கும் போய்க் கேள். எங்கும் அப்படித்தான். பெண்களின் உடை நுணுக்கமானது, பெண்களைப் போல."

சமையற்கட்டுப் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். நகுலேஸ்வரனும் சிரித்தான். பெரிய சிரிப்பில்லை, முதலாளி பகிடி விட்டால் சிரிக்கிற சிரிப்பு. பிரேமினி அதைக் கவனித்தாள்.

வேலை முடிந்து நகருக்குத் திரும்பும் பேருந்தில் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"உங்களுக்கு ஒண்டும் தோணேல்லையோ?"

"என்ன தோண?"

"நானும் நீங்களும் ஒரே சேட்டுத்தானே போடப் போறம். எனக்கு மட்டும் ஏன் ரெண்டு மடங்கு?"

"எல்லா இடமும் அப்பிடித்தான் பிரேமினி. தலைமயிர் வெட்டவும் பொம்பிளையளுக்குக் கூடத்தான் எடுக்கினம். நீ என்ன, பலெர்மோவைத் திருத்தப் போறியோ?"

"தலைமயிரை நான் விரும்பினால் வெட்டுவன், இல்லாட்டி விடுவன். இது அவன் போடச் சொல்லி நான் போடுற சேட்டு."

"ரெண்டு யூரோவுக்கு வாய்காட்டி வேலையைக் கெடுத்துப்போடாதை."

"அது உங்கட ரெண்டு யூரோ இல்லைத்தானே," என்று சொல்லிவிட்டு அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சட்டைகள் வந்த நாளில் அவள் இருவருடையதிலும் ஒவ்வொன்றை எடுத்துக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தாள். ஒரே துணி, ஒரே தையல், ஒரே கம்பனியின் சீட்டு. அவனுடையதில் பொத்தான்கள் வலப்பக்கம், அவளுடையதில் இடப்பக்கம். வேறு எந்த வித்தியாசமும் இல்லை. அறைக்குள் வந்த கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தெறி மற்றப் பக்கம்," என்றான் அவன், கண்டுபிடித்துவிட்டவனைப் போல.

"ஓம். அதுக்குத்தான் நாலு யூரோ."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் குளிக்கப் போனான்.

ஜூலையில் சிரொக்கோக் காற்று அடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் அந்த வெக்கையில் ஒரு சட்டை மத்தியானத்துக்குள் தோலோடு ஒட்டிவிடும். மாலைக்கு இன்னொன்று மாற்ற வேண்டும் என்று சால்வோ சொன்னான். ஆகவே சம்பளக் கழிவும் கூடியது. பிரேமினியோடு பரிமாறும் அமலினி மன்னார்ப் பிள்ளை. கலியாணம் கட்டி இரண்டு வருடம்தான் ஆகிறது. அவளும் உடைமாற்றும் அறையில் முணுமுணுத்தாள். ஆனால் முணுமுணுப்பதோடு நின்றுகொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சனம் நெரிந்துகொண்டிருந்த நேரம், சமையற்கட்டுக் கதவின் கொளுக்கியில் பிரேமினியின் சட்டை மாட்டித் தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. சால்வோ அலுமாரியைக் கிளறினான். பெண்களின் சட்டை முடிந்துவிட்டது. ஆண்களின் சட்டையொன்றை எடுத்து அவளை நோக்கி எறிந்தான்.

"இதைப் போடு. இனி இதுதான் உனக்கு."

அது அவளுக்குச் சரியாகவே இருந்தது. சலவைக் கடையில் அதன் கழுத்துப்பட்டையின் உட்புறம் அவள் பெயரெழுதிய சின்னத் துணித்துண்டைத் தைத்தார்கள். எல்லோருடைய சட்டையிலும் அப்படித் தைப்பதுதான் வழக்கம். பிரேமினிக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது. ஆண்களின் சட்டை, இனி இரண்டு யூரோ.

அந்த வாரச் சம்பளம் வந்தபோது அந்தச் சட்டைக்கும் அதே நாலுதான் கழிந்திருந்தது.

அவள் நேரே காசு மேசைக்குப் போனாள். சால்வோ ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நான் இப்போது போடுவது ஆண்களின் சட்டை. நீங்கள்தான் தந்தீர்கள்."

"ஆம்."

"அப்படியென்றால் ஏன் நான்கு?"

சால்வோ நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பகல் ஏன் வெளிச்சமாக இருக்கிறது என்று கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ஆனால் நீ பெண்தானே," என்றான்.

அவன் அதைக் கேலியாகச் சொல்லியிருந்தால் பிரேமினி ஒருவேளை தாங்கியிருப்பாள். அவன் பொறுமையாக, விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னான். அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. இவ்வளவு நாளும் துணியைச் சொன்னார்கள், தையலைச் சொன்னார்கள், நுணுக்கத்தைச் சொன்னார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டபின் மிஞ்சி நின்றது அவள் மட்டும்தான். அன்று முழுக்க அவள் தட்டுகளை மேசையில் வைக்கவில்லை, அறைந்தாள். ஒரு ஜேர்மன் கிழவர் தன் மீனைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

அடுத்த வாரம் பல்லரோச் சந்தையில், மீன் கடைக்கு முன்னால், அவள் றோசமலரைச் சந்தித்தாள். றோசமலர் மன்னார்ப் பேசாலைக்காரி, ஐம்பதைத் தொடும் வயது. கணவன் இல்லை. சால்வோவின் மைத்துனி ஓர்னெல்லாவின் சலவைக் கடையில் பல வருடமாகத் துணி தேய்த்து மினுக்குகிறவள். பிரேமினி கேட்கக்கூட இல்லை. தன் சம்பளக் கழிவைப் பற்றிக் கொதித்துக்கொண்டே சொல்ல, றோசமலர் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துச் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பிள்ளை, உங்கட சேட்டுகளை நாங்கள் ஆம்பிளை பொம்பிளை எண்டு பிரிக்கிறேல்லை. எல்லாம் ஒண்டாத் தோயுது. ஒரே மெஷினில போட்டு அமத்தி மினுக்கிறம். கழுத்துப்பட்டையில கிடக்கிற பேரைப் பாத்து அவள் விலை போடுறாள். அவ்வளவுதான் விசயம்."

"கையால மினுக்கிறேல்லையோ?"

"பட்டுச் சட்டை, பூ வேலை செய்த சட்டை வந்தால் கையால. உங்கட இந்த வெள்ளைச் சேட்டுக்கு என்ன கைவேலை?" றோசமலர் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. ஒக்ரோபரில எனக்குப் பெர்மெஸ்ஸோ முடியுது. வேலைக் கடதாசி இல்லாமல் கெஸ்தூராப் பொலிசில போய் விசாவைப் புதுப்பிக்கேலாது."

"சொல்ல மாட்டன் அக்கா," என்றாள் பிரேமினி. அந்த நேரத்தில் அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வியா மக்வேதாவிலிருந்து பிரிகிற சந்தொன்றில் இருந்தது சலவைக் கடை. கணவனிடம் சொல்லாமல், அந்த ஆண்களின் சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பிரேமினி அங்கே போனாள். கடைக்குள் நீராவியும் சவர்க்கார மணமுமாக இருந்தது. சுவரில் விலைப் பலகை பெரிய எழுத்தில் தொங்கியது. ஓர்னெல்லா நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருந்தாள். பின்பக்கத் திரைக்கு அப்பால் மினுக்கும் இயந்திரம் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பிரேமினி மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். ஓர்னெல்லாவும் மரியாதையாகவே பதில் சொன்னாள்.

"ஆண்களின் சட்டைக்கு இயந்திரம் இருக்கிறது, அன்பே. பெண்களின் சட்டை அதில் பொருந்தாது. கையால் தேய்க்க வேண்டும். கைவேலைக்குக் காசு."

பிரேமினி பையிலிருந்து சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். "இது ஆண்களின் சட்டை. இதற்கும் நான்கு எடுக்கிறீர்கள்."

ஓர்னெல்லா கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இதில் உன் பெயர் இருக்கிறது."

"அப்படியென்றால் என் பெயரையா கையால் தேய்க்கிறீர்கள்?"

ஓர்னெல்லாவின் முகம் மாறியது. "இதோ பார். நான் முப்பது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். நானும் பெண்தான். என் சட்டைக்கும் வேறு கடையில் இதே விலைதான் கொடுப்பேன். நான் முறைப்பாடு சொல்லவில்லை. உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்று உனக்கு என்ன தெரியும்? வந்து பார்த்தாயா?"

"எனக்குத் தெரியும்."

"யார் சொன்னது?"

பிரேமினி அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஓர்னெல்லா அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஜூன் மாதம் சமையற்கட்டுப் பக்கமிருந்து வந்த அதே வகைச் சிரிப்பு. பிரேமினிக்கு எதுவும் நினைவில் நிற்கவில்லை.

"உள்ளே நிற்கிற றோசமலரைக் கேளுங்கள்," என்றாள். "எல்லாம் ஒரே இயந்திரத்தில்தான் போகிறது என்று அவருக்குத் தெரியும்."

திரைக்கு அப்பால் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

ஓர்னெல்லா திரும்பிக் கூப்பிட்டாள். றோசமலர் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை. ஓர்னெல்லா கேட்டதையெல்லாம் தலை குனிந்தபடி கேட்டாள்.

"எனக்கு ஒன்றும் தெரியாது, சின்யோரா," என்றாள். "நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை."

அவள் பிரேமினியைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே திரைக்குப் பின்னால் போனாள். இயந்திரம் மறுபடி பெருமூச்சு விடத் தொடங்கியது.

பிரேமினி வெளியே வந்தாள். வியா மக்வேதாவில் சுற்றுலாப் பயணிகள் ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு ஊர்ந்தார்கள். அவர்களை இடித்துக்கொண்டு நடந்தாள். தெருமுனைக்குப் போய்ச் சேருமுன்பே தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஓர்னெல்லாவின் மேல் வந்த கோபம் அப்படியே இருந்தது. அதற்கு மேலே தன்மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரம் முடியும்போது அமலினி செய்தியைக் கொண்டுவந்தாள். அவளும் றோசமலரும் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்.

"றோசமலர் அக்காவை ஓர்னெல்லா வேலையால நிப்பாட்டிப் போட்டாளாம். வேலை குறைவெண்டு சொன்னாளாம்." அமலினி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்கள்தானாமே அவவின்ர பேரைச் சொன்னது."

"ஓம்," என்றாள் பிரேமினி. "நான்தான்."

பல்லரோவுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் இருந்தது றோசமலரின் வீடு. கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"உன்ர மன்னிப்பை நான் கெஸ்தூராவில கொண்டுபோய்க் காட்டட்டோ? அவங்கள் அதில முத்திரை குத்துவாங்களோ?"

"நீங்கள் என்னை ஏசுங்கோ."

"ஏசத்தான் போறன். நீ சொல்லித்தான் ஏசோணுமெண்டில்லை." றோசமலரின் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. கீழ்வீட்டுக் கதவு ஒன்று திறந்து மூடியது. "உனக்கு நாலு யூரோ. எனக்குச் சீவியம். கோவம் வந்தால் ஆரின்ர தலையில மிதிக்கிறம் எண்டு பாக்க மாட்டியோ? அவள் சிரிச்சாளெண்டு என்னைக் காட்டிக் குடுத்திட்டாய்."

பிரேமினி அழவில்லை. அழுதால் றோசமலர் தேற்ற வேண்டிவரும், அதைக்கூட அவளிடம் வாங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

றோசமலர் மூச்சு வாங்கினாள். பிறகு வேறு குரலில் சொன்னாள்.

"நான் பொய் சொன்னனான். எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு. பொய்யும் சொல்லி வேலையும் போச்சு. அதுதான் எனக்குப் பத்தி எரியுது. உண்மையைச் சொல்லிப் போயிருந்தாலும் பரவாயில்லை."

"தொழிற்சங்கத்தில ஒரு பெண் வக்கீல் இருக்கிறாவாம். நான் நாளைக்குப் போறன். நீங்கள்..."

"எத்தனை மணிக்கு?"

பிரேமினி நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்ர சேட்டுக்காக நான் வரேல்லை," என்றாள் றோசமலர். "என்ர பொய்யைத் திருப்பி எடுக்க வாறன். பிறகு நீ உன்ர பாட்டில போ, நான் என்ர பாட்டில போறன்." கதவைச் சாத்திக்கொண்டாள்.

தொழிற்சங்க அலுவலகம் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, மின்விசிறி கிறீச்சிடும் ஒரு அறை. வக்கீல் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண். இருவரும் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டாள். றோசமலர் தன் பெயரைச் சொல்லி, இயந்திரத்தைச் சொல்லி, கழுத்துப்பட்டையைச் சொல்லி, தான் கடையில் சொன்னது பொய் என்பதையும் சொன்னாள்.

"சட்டம் இருக்கிறது," என்றாள் வக்கீல். "பொருள் வாங்கும்போதும் சேவை பெறும்போதும் ஒருவரைப் பெண் என்பதற்காகக் குறைவாக நடத்தக் கூடாது. வேலை உண்மையாகவே வேறு என்றால் விலை வேறாக இருக்கலாம். ஒரே சட்டை, ஒரே இயந்திரம், ஆளைப் பார்த்து விலை என்றால் நாம் கேட்கலாம்."

"எப்போது வந்த சட்டம்?" என்று பிரேமினி கேட்டாள்.

"இரண்டாயிரத்து ஏழில்."

"இதுவரை எத்தனை பேர் வந்து கேட்டார்கள்?"

"இந்த மேசைக்கா?" வக்கீல் யோசித்துப் பார்த்தாள். "நீங்கள்தான் முதல்."

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். பிரேமினிக்கு அது பாராட்டாக இறங்கவில்லை. தான் இத்தாலியில் கால் வைக்கும் முன்பே இந்தச் சட்டம் இங்கே கிடந்திருக்கிறது. நகரம் முழுக்கச் சலவைக் கடைகளில் பலகை தொங்குகிறது. அதற்குக் கீழே சட்டம் படித்தவர்களும் தங்கள் சட்டைகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இந்த வக்கீலின் சட்டைகூட எந்த விலைக்கு மினுக்கியதோ. கேட்க வாய் வந்தது. உதவி செய்கிறவளிடம் கேட்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

வக்கீல் இன்னும் இரண்டு விசயம் சொன்னாள். சம்மதம் கேட்காமல் சீருடைச் செலவைச் சம்பளத்தில் கழிப்பதையே கேள்வி கேட்கலாம். வேலை போனவுடன் பெர்மெஸ்ஸோ போய்விடாது, வேலை தேடுவதற்கென்று தனி அனுமதி எடுக்கலாம், நீக்கியதற்கு எதிராக வழக்கும் போடலாம். றோசமலர் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

வெளியே வந்ததும் அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தன் பாட்டில் நடந்து போனாள்.

வக்கீலின் கடிதம் உணவகத்துக்குப் போய்ச் சேர்ந்த பின் ஒரு காலையில், சால்வோ மறுபடி எல்லோரையும் கூட்டினான். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"சட்டம் வந்திருக்கிறது," என்றான். "ஆணும் பெண்ணும் சமமாம். ரொம்பச் சரி. இனி ஆண்களின் சட்டைக்கும் நான்கு யூரோ. நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் பிரேமினிக்குச் சொல்லுங்கள்."

உடைமாற்றும் அறைக்குள் போனதும் விமலராஜ்தான் முதலில் வெடித்தான். அவனும் மன்னார்க்காரன், வாய்ச்சவடால் கூடினவன், ஆனால் வேலையில் கெட்டிக்காரன்.

"நல்லாயிருக்குது அக்கா. உங்களுக்குக் குறைக்கச் சொன்னால் எங்களுக்குக் கூட்டிப் போட்டாங்கள். ஆர் உங்களை வக்கீலிட்டைப் போகச் சொன்னது?"

பிரேமினி பதில் சொல்லுமுன் நகுலேஸ்வரன் வாங்கில் உட்கார்ந்து தலையில் கையை வைத்தான்.

"இது அநியாயம்," என்றான். "ஒரு சேட்டு மினுக்க நாலு யூரோவோ?"

பிரேமினி திரும்பி அவனைப் பார்த்தாள்.

"இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ."

"என்ன?"

"என்னமோ சொன்னீங்களே. திருப்பிச் சொல்லுங்கோ."

"அநியாயமெண்டனான்."

"அந்தச் சொல்லு உங்களுக்குத் தெரியுமோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாததுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. "ஜூனிலையிருந்து என்ர சம்பளத்தில நாலு கழிஞ்சது. கட்டில்ல விரிச்சுக் காட்டினன். தெறி மற்றப் பக்கம் எண்டு சொல்லிப்போட்டுக் குளிக்கப் போனீங்கள். அப்ப அது ஊர் வழக்கம். இண்டைக்கு உங்களுக்கு ரெண்டு கூடினவுடனை அதுக்கு அநியாயமெண்டு பேர் வந்திட்டுது." விமலராஜ் பக்கம் திரும்பினாள். "உனக்கும்தான். அவன் பொம்பிளையளைப் போல நுணுக்கமெண்டு சொல்லேக்கை சிரிச்சது ஆரெண்டு எனக்குத் தெரியும். எங்களுக்கு ரெண்டாக்கச் சொல்லித்தான் நான் கேட்டனான். உங்களுக்கு நாலாக்கினது அவன். கோவம் இருந்தால் அவனிட்டைப் போய்க் காட்டுங்கோ. கிட்ட நிக்கிறன் எண்டதுக்காக என்னிட்டைக் காட்டாதேங்கோ."

நகுலேஸ்வரன் தரையைப் பார்த்தான்.

இவ்வளவு நாளும் முணுமுணுத்துக்கொண்டிருந்த அமலினிதான் மெல்லக் கேட்டாள். "ஒருத்தருமே அந்தச் சேட்டைப் போடாமல் விட்டால் என்ன?"

ஓகஸ்ட் பதினைந்து, பெர்ராகோஸ்தோத் திருநாள். பலெர்மோவில் பாதிச் சனம் அன்று மொண்டெல்லோவில்தான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடும். உணவகத்தில் ஒரு கதிரைகூட வெறுமையாக இல்லை, வெளியிலும் வரிசை. பரிமாறுகிற அத்தனை பேரும் கறுப்பு ரீசேட்டோடு வந்து நின்றார்கள். இத்தாலியப் பொடியன்கள் இருவரும்கூட. அவர்களுக்கும் இப்போது நாலுதானே.

சால்வோவின் கழுத்து நரம்பு புடைத்தது. முதலில் கத்தினான். பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னான். யாரும் போகவில்லை, யாரும் தட்டைத் தொடவும் இல்லை. கடைசியாக நகுலேஸ்வரனைக் கூப்பிட்டு, "உன் மனைவிக்கு நீயாவது சொல்," என்றான்.

நகுலேஸ்வரன் ஒரு அடி முன்னால் வந்தான். "அவள் சொல்வது சரி, சின்யோரே," என்றான். அது பெரிய குரலாக இல்லை. ஆனால் சொன்னான்.

"இரண்டும் வேண்டாம், நான்கும் வேண்டாம்," என்றாள் பிரேமினி. "சட்டை உங்களுடையது. நெஞ்சிலுள்ள பெயரும் உங்களுடையது. செலவும் உங்களுடையதாக இருக்கட்டும். பெண்களிடம் கூட எடுத்ததைத் திருப்பித் தாருங்கள்."

வாசலில் நின்ற குடும்பமொன்று மணியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து உணவகத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கியது. அதுதான் சால்வோவை அசைத்தது, சட்டமில்லை.

"இனிக் கழிக்க மாட்டேன்," என்று பல்லுக்குள் சொன்னான். "சலவைக் கடையும் இல்லை. வீட்டில் நீங்களே துவையுங்கள். பழுப்பாக வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். எடுத்ததைப் பற்றி உன் வக்கீல் என்னோடு பேசட்டும்."

விமலராஜ் கைதட்டினான். பிரேமினி கைதட்டவில்லை. அவள் தட்டுகளை எடுக்கப் போனாள்.

வக்கீல் பேசினாள். கூட எடுத்தது இலையுதிர்காலத்தில் திரும்பி வந்தது, மன்னிப்பு வரவில்லை. ஓர்னெல்லாவின் கடையில் பலகையை மாற்றிவிட்டார்கள். இப்போது அதில் ஆண், பெண் என்று இல்லை. சாதாரணச் சட்டை, நுணுக்கமான சட்டை என்று இருக்கிறது. எது நுணுக்கம் என்று தீர்மானிப்பது அவள்தான். றோசமலர் வேலை தேடும் அனுமதி எடுத்துக்கொண்டு ஒரு முதிய சின்யோராவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய வழக்கு இன்னும் நடக்கிறது. பல்லரோவில் எதிர்ப்பட்டால் பிரேமினிக்குத் தலையை மட்டும் அசைப்பாள். பிரேமினி அதற்குமேல் கேட்பதில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. பெர்ராகோஸ்தோவுக்கு அடுத்த நாள் காலையில், வீட்டில், நகுலேஸ்வரன் நல்ல உற்சாகமாக இருந்தான். நேற்று முதலாளியின் முகம் போன போக்கை இரண்டு தரம் நடித்துக் காட்டினான். பிறகு குளியலறைக் கூடைக்குள் தன் வெள்ளைச் சட்டையைப் போட்டான். அது அவளுடைய சட்டைக்கு மேல் விழுந்தது.

"நாளைக்கு வேணும்," என்றான். "கழுத்தை நல்லாத் தேச்சு விடு. இல்லாட்டி அவன் திருப்பி அனுப்பிப் போடுவான்."

பிரேமினி கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். கூடையருகே வந்து குனிந்து இரண்டு சட்டைகளையும் எடுத்தாள். இரண்டையும் அவன் கையில் வைத்தாள்.

"என்ன?"

"தோய்ச்சு மினுக்குங்கோ."

"உன்ரையுமோ?"

"ஓம், ரெண்டையும். ஒண்டாப் போடலாம், ஒரே துணிதான். நீங்களே பாத்தனீங்கள்."

"பகிடி விடுறியோ?"

"இல்லை. சலவைக் கடையில எனக்கு நாலு யூரோ எண்டு ஒரு விலையாவது போட்டாங்கள். கேக்கலாம், வழக்குப் போடலாம். இஞ்சை நான் இத்தனை வருசம் உங்கட உடுப்பைத் தோய்ச்சு மினுக்கினதுக்கு விலையே இல்லை. அதை நான் ஆரிட்டைக் கொண்டுபோய்க் கேக்கிறது?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நேற்று கறுப்பு ரீசேட்டோடு சால்வோவின் முன்னால் நின்ற அதே முகம். இன்றைக்கு எதிரே நிற்பது தான் என்பது அவனுக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. இரண்டு சட்டைகளோடும் குளியலறைத் தட்டுகளைத் துழாவினான்.

"சவர்க்காரத் தூள் எங்கை கிடக்குது?" என்று கடைசியில் கேட்டான்.

"தேடுங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

மறுநாள் அவன் மினுக்கிவைத்த அவளுடைய சட்டையின் ஒரு பக்கக் கழுத்து மடங்கிப் போய்க் கிடந்தது. முதுகில் சுருக்கம். அவள் அதைத் திருத்தி மினுக்கவில்லை. அப்படியே போட்டு, பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு மொண்டெல்லோப் பேருந்துக்கு நடந்தாள். யாராவது அந்தக் கழுத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லட்டும் என்று அவள் நாக்கு காத்திருந்தது.